பதிவேட்டில் மட்டும் இருந்த குளோரின்

(குடிநீர் வழங்கல் பணியாளர்களும் பொதுமக்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



குடிநீர் கெட்டு ஊரே நோயில் விழுந்தது என்றால், சாக்கடை கலந்த ஆறும் துருப்பிடித்த குழாயும் கையில் காசில்லாத நகராட்சியும்தான் நம் மனக்கண்ணில் வரும். இன்று பேச எடுத்துக்கொண்ட ஊரில் இவை எதுவுமே இல்லை. கனடா நாட்டின் ஒன்டாரியோ மாகாணத்தில் வாக்கர்டன் என்று ஒரு சிற்றூர். மக்கள்தொகை சுமார் 4,800. சுற்றிலும் மாட்டுப் பண்ணைகள், சோள வயல்கள். வீட்டுக்கு வீடு குழாய். குழாயைத் திறந்தால் 24 மணி நேரமும் தண்ணீர். 2000ஆம் ஆண்டு மே மாதம் அந்தத் தண்ணீரைக் குடித்த 2,300க்கும் மேற்பட்டோர் நோயில் விழுந்தார்கள். 7 பேர் இறந்தார்கள். பிழைத்த குழந்தைகளில் சிலருக்குச் சிறுநீரகம் பழுதானது.

தொடக்கம் மழைதான். மே 8ஆம் தேதி முதல் 12ஆம் தேதி வரை ஐந்து நாட்களில் 134 மில்லிமீட்டர் கொட்டியது. ஐப்பசி மழையைப் பார்த்த நமக்கு அது பெரிய கணக்கில்லை. அந்த ஊருக்குப் பெரிது. ஊரின் 5ஆம் எண் கிணற்றுக்குப் பக்கத்துப் பண்ணையில் ஏப்ரல் கடைசியில் மாட்டுச் சாணம் எருவாகப் போடப்பட்டிருந்தது. நம் ஊரில் கோடை உழவுக்கு முன் எரு அடிப்பதைப் போல, வருடந்தோறும் நடக்கும் வேலை. சாணத்தோடு ஈ.கோலை ஓ157 என்ற கிருமியும் கேம்பைலோபாக்டர் என்ற கிருமியும் மண்ணில் கிடந்தன. மழைநீர் அவற்றைக் கீழே இறக்கியது.

அந்தக் கிணறு 1978இல் தோண்டப்பட்டது. போர் போடுகிறவர்களுக்குச் சொன்னால் உடனே புரியும்: கேசிங் பைப் 5 மீட்டர் ஆழம் வரைதான் இறங்கியிருந்தது. தண்ணீர் வந்ததோ 5 மீட்டருக்கும் 8 மீட்டருக்கும் இடையிலிருந்த, விரிசல் விட்ட பாறையிலிருந்து. மேலே மூடியிருந்த மண்ணும் கனமில்லை. சாதாரணமாக மண் அடுக்குகள் வடிகட்டித் தரும் தண்ணீர் இங்கே பாறைச் சந்துகளின் வழியே நேராக இறங்கிவிடும். தோண்டிய காலத்திலேயே நிலத்தடி நீர் வல்லுநர் இதைக் கவனித்து, சுற்றியுள்ள நிலத்தை ஊர் வாங்கிக் காப்பாக வைத்துக்கொள்வது நல்லது என்று எழுதிக் கொடுத்திருந்தார். யாரும் வாங்கவில்லை. அதைவிட வியப்பு, கிணறு இப்படிப்பட்டது என்று தெரிந்தும் அதற்கென்று தனி நிபந்தனை எதையும் அரசு விதிக்கவில்லை. மற்ற கிணறுகளைப் போல இதுவும் ஒரு கிணறு என்று கோப்பை மூடிவிட்டார்கள்.

சரி, கிணறு பலவீனமானது. அதற்காகத்தான் குளோரின் இருக்கிறதே? இருந்தது. அதுதான் இந்தக் கதையின் நடுப்பகுதி. இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

தண்ணீரில் குளோரின் கலந்தோம் என்பதும், கலந்த குளோரின் தன் வேலையை முடித்தது என்பதும் ஒன்றல்ல. கலந்ததில் ஒரு பகுதியைக் கிருமிகள் தின்னும். மண்ணும் சாணமும் இலைதழையும் பெரும்பகுதியைத் தின்னும். எல்லாம் தின்றபின் என்ன மிஞ்சுகிறதோ அதற்குத்தான் எஞ்சிய குளோரின் என்று பெயர். கல்யாண வீட்டுப் பந்தியை நினைத்துப் பாருங்கள். கடைசிப் பந்தி எழுந்தபின் அண்டாவில் நாலு கரண்டி சோறு மீதி இருந்தால், வந்தவர் எல்லாரும் சாப்பிட்டார்கள் என்று சமையற்காரர் நிம்மதியாக உட்காரலாம். அண்டா வழித்துத் துடைத்ததுபோல் இருந்தால்? எத்தனை பேர் பசியோடு போனார்கள் என்று யாருக்குத் தெரியும்? எஞ்சிய குளோரினும் அப்படித்தான். மீதி இருந்தால் கிருமிக்கு வேலை முடிந்தது என்று நம்பலாம். மீதி இல்லையென்றால் உள்ளே என்ன போய்க்கொண்டிருக்கிறது என்று எவருக்கும் தெரியாது.

ஒன்டாரியோவின் விதி, 15 நிமிடத் தொடர்புக்குப் பிறகு லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் எஞ்சியிருக்க வேண்டும் என்றது. அதைப் பார்க்கப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. சின்னக் குழாயில் தண்ணீரைப் பிடித்து, மருந்தைப் போட்டு, நிறத்தை ஒப்பிட வேண்டும். ஓரிரு நிமிட வேலை. தினமும் பார்த்து, தினசரித் தாளில் எழுத வேண்டும்.

வாக்கர்டன் நீர் நிலையத்தில் பெரும்பாலான நாட்களில் யாரும் அளக்கவில்லை. ஆனால் தாளில் எண் இருந்தது. அதுவும் எப்போது பார்த்தாலும் 0.5 அல்லது 0.75. பல வருடங்களாக இப்படி. இயற்கையில் எந்தத் தண்ணீரும் இத்தனை ஒழுங்காக இராது. வெயிலுக்கு ஒரு எண், மழைக்கு ஒரு எண், குழாய் உடைந்த நாளுக்கு ஒரு எண் என்று ஏறி இறங்கிக்கொண்டேதான் இருக்கும். அரசு ஆய்வாளர்கள் 1991, 1995, 1998 என்று மூன்று முறை வந்து போனார்கள். அந்த ஒழுங்கே சந்தேகத்துக்குரியது என்று அவர்களில் எவருக்கும் தோன்றவில்லை. எண்கள் பொய்யாக எழுதப்பட்டவை என்பது விபத்துக்குப் பிறகு நடந்த விசாரணையில்தான் வெளியே வந்தது.

அந்த நிலையத்தை நடத்தியவர்கள் ஸ்டான் கோபல், ஃபிராங்க் கோபல் என்ற அண்ணன் தம்பிகள். இருவரும் எழுபதுகளில் வேலைக்குச் சேர்ந்து, வேலையை வேலையிலேயே கற்றுக்கொண்டவர்கள். உரிமம் கட்டாயமானபோது, பழைய ஆட்கள் என்ற தகுதியிலேயே தேர்வில்லாமல் உரிமம் கிடைத்துவிட்டது. இவர்களைக் கொலைகாரர்கள் என்று நினைத்தால் கதை தவறாகப் புரியும். பம்பு வீட்டில் நின்றபடி, குளோரின் சேராத கிணற்றுத் தண்ணீரை அவர்களே குடிப்பது வழக்கம். நம் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று மனதார நம்பினார்கள். ஊர்க்காரர்களும் குளோரின் வாடை அடிக்கிறது என்று முறையிடுவார்கள். வாடை குறைந்தால் முறையீடு குறையும், அளவைக் குறைத்தார்கள். கெட்ட எண்ணம் இல்லை, பழக்கம் இருந்தது. இத்தனை வருடம் ஒன்றும் ஆகவில்லை, இனி என்ன ஆகிவிடும் என்ற அந்தப் பழக்கம் நமக்கும் அந்நியமானதல்ல.

மே 12ஆம் தேதியை ஒட்டி 5ஆம் எண் கிணற்றுக்குள் அழுக்கு இறங்கியது. குழாய்க்குள் போய்க்கொண்டிருந்த சொற்பக் குளோரினை அது முழுவதும் தின்று தீர்த்தது. அன்றோ மறுநாளோ ஒருவர் அந்தச் சின்னக் குழாயில் தண்ணீர் பிடித்துப் பார்த்திருந்தால் நிறமே வந்திராது. எவருக்கும் மணி அடித்திருக்கும். பார்க்கவில்லை.

மே 15 திங்கட்கிழமை மாதிரிகள் ஆய்வகத்துக்குப் போயின. கிருமிப் பரிசோதனைக்கு நேரம் பிடிக்கும். கிருமி வளர்ந்து காட்ட வேண்டும் அல்லவா. புதன்கிழமை 17ஆம் தேதி முடிவு ஃபேக்ஸில் வந்தது: தண்ணீரில் ஈ.கோலை. ஃபேக்ஸ் போனது நீர் நிலையத்துக்கு மட்டும். ஒன்டாரியோ அரசு 1996இல் குடிநீர்ப் பரிசோதனையிலிருந்து தன் ஆய்வகங்களை விலக்கிக்கொண்டு வேலையைத் தனியாரிடம் விட்டிருந்தது. கெட்ட முடிவு வந்தால் சுகாதார அதிகாரிக்கும் சொல்ல வேண்டும் என்ற கட்டாயச் சட்டம் போட மறந்துவிட்டது. செலவைக் குறைத்தவர்கள் சிக்கனத்தைத்தான் பார்த்தார்கள். அந்தப் பழைய ஏற்பாட்டில் ஒரு தொலைபேசி அழைப்பும் சேர்ந்திருந்தது என்பதைப் பார்க்கவில்லை.

இதற்குள் பக்கத்து நகரமான ஓவன் சவுண்டில் ஒரு குழந்தை மருத்துவரிடம் இரத்தம் கலந்த வயிற்றுப்போக்குடன் இரண்டு பிள்ளைகள் வந்திருந்தார்கள். இருவரும் வாக்கர்டன் பிள்ளைகள். அவருக்கு ஏதோ உறைத்தது. 19ஆம் தேதி சுகாதாரத் துறைக்குச் சொன்னார். சுகாதாரத் துறை நீர் நிலையத்தைத் தொலைபேசியில் கேட்டது. தண்ணீர் நன்றாக இருக்கிறது என்று பதில் வந்தது. மேசையில் இரண்டு நாள் பழைய ஃபேக்ஸ் கிடக்க, நிலையம் குழாய்களில் குளோரினை அள்ளிப் போட்டு அலசிக்கொண்டிருந்தது. சுகாதாரத் துறை மறுபடி கேட்டது. மறுபடி அதே பதில். அவர்கள் முதலில் உணவைச் சந்தேகித்ததில் தப்பு சொல்ல முடியாது. தண்ணீர் நல்லது என்று தண்ணீர்க்காரரே சொன்னால் நம்பாமல் என்ன செய்வது?

மே 21 ஞாயிற்றுக்கிழமை மதியம், ஆதாரத்துக்குக் காத்திராமல், தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்று சுகாதாரத் துறை அறிவித்தது. அதுவும் உள்ளூர் வானொலியில். நீண்ட விடுமுறை வார இறுதி அது. பலருக்குச் செய்தி அன்றைக்குப் போய்ச் சேரவில்லை. அன்றும் குழாயைத் திறந்து குடித்தார்கள். மறுநாள் முதல் மரணம்.

நீதிபதி டென்னிஸ் ஓ'கானர் தலைமையில் விசாரணை நடந்தது. 2002இல் இரண்டு பாகமாக அறிக்கை வந்தது. இரண்டிலுமாக 121 பரிந்துரைகள். சாணம் போட்ட விவசாயி மேல் ஒரு குற்றமும் இல்லை, அவர் முறைப்படிதான் செய்திருக்கிறார் என்று அறிக்கை தெளிவாகச் சொன்னது. நம் ஊராக இருந்தால் முதல் நாளே அவர் வீட்டு வாசலில் கூட்டம் கூடியிருக்கும். அறிக்கையின் மற்றொரு வரிதான் முக்கியமானது: எஞ்சிய குளோரினையும் கலங்கலையும் இடைவிடாமல் அளக்கும் கருவி அந்தக் கிணற்றில் இருந்து, குளோரின் தீர்ந்ததும் தானாக மணி அடித்துப் பம்பை நிறுத்தியிருந்தால், இந்த நோய்ப்பரவல் நடந்தே இராது. ஏழு உயிரையும் ஒரு கருவி காத்திருக்கும். கோபல் சகோதரர்கள் 2004இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அண்ணனுக்கு ஓராண்டுச் சிறை, தம்பிக்கு ஒன்பது மாத வீட்டுக்காவல். கருவி வைக்கச் சொல்லாத அமைச்சகத்துக்கு நீதிமன்றத்தில் தண்டனை ஏதும் இல்லை.

ஒன்டாரியோ 2002இல் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டம் கொண்டுவந்தது. 2006இல் நீராதாரங்களைக் காக்க இன்னொரு சட்டம். வாக்கர்டனிலேயே நீர் நிலைய இயக்குநர்களுக்கு ஒரு பயிற்சி மையமும் எழுந்தது.

அதே காலத்தில் உலக சுகாதார நிறுவனமும் தன் பார்வையை மாற்றியது. 2004இல் வந்த அதன் குடிநீர் வழிகாட்டி நெறிகளின் மூன்றாம் பதிப்பு, நீர்ப் பாதுகாப்புத் திட்டம் என்ற முறையை முன்வைத்தது. யோசனையின் வேர் எங்கே என்று கேட்டால் ஆச்சரியமாக இருக்கும்: விண்வெளி வீரர்களின் சாப்பாட்டில். அறுபதுகளில் அமெரிக்க விண்வெளி நிறுவனத்துக்கு உணவு தயாரித்தவர்களுக்கு ஒரு சிக்கல். விண்ணில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. கடைசியில் பொட்டலத்தைப் பிரித்துச் சோதிக்கலாம். ஆனால் சோதித்த பொட்டலத்தைத் தின்ன முடியாது, தின்னும் பொட்டலத்தைச் சோதித்திருக்க முடியாது. ஆகவே சமையலின் ஒவ்வொரு கட்டத்திலும் எங்கே கெடும், கெட்டால் எப்படித் தெரியும், தெரிந்தால் யார் நிறுத்துவது என்று முன்கூட்டியே வகுத்தார்கள். குடிநீரும் உணவுதான் என்று சட்டத்தில் எழுதி, 1995லேயே இந்த முறையைத் தண்ணீருக்குக் கொண்டுவந்த நாடு ஐஸ்லாந்து.

தண்ணீருக்கு இது இன்னும் பொருந்தும். வாக்கர்டனில் மாதிரி எடுத்தது திங்கள். முடிவு வந்தது புதன். அந்த மாதிரி எந்தத் தண்ணீரைப் பற்றிச் சொல்கிறதோ, அந்தத் தண்ணீரை ஊர் குடித்து இரண்டு நாள் ஆகியிருந்தது. குழாய் முனையில் எடுக்கும் கிருமிப் பரிசோதனை வேண்டியதுதான், விட முடியாது. ஆனால் அதை மட்டும் நம்பி இருப்பது, பிரேதப் பரிசோதனையை வைத்து வைத்தியம் பார்ப்பதைப் போன்றது. நீர்ப் பாதுகாப்புத் திட்டம் கிணற்றடியில் தொடங்குகிறது. மழை பெய்தால் எங்கிருந்து என்ன வரும்? வந்தால் எந்தத் தடுப்பு பிடிக்கும்? அந்தத் தடுப்பு வேலை செய்கிறது என்று ஐந்து நிமிடத்தில் காட்டும் அடையாளம் எது? அந்த எண் கீழே போனால், பம்பை நிறுத்த மேலதிகாரியைக் கேட்க வேண்டுமா, இல்லை நிற்கிற ஆளே நிறுத்தலாமா? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத திட்டம் எத்தனை பக்கம் இருந்தாலும் திட்டமே அல்ல.

தடுப்புகள் ஒன்றுக்கு மேல் இருக்க வேண்டும் என்பதற்கு அமெரிக்காவின் மில்வாக்கி நகரம் சாட்சி. 1993 வசந்தத்தில் அங்கே கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியால் நோயுற்றோர் சுமார் 4,03,000 பேர் என்று மதிப்பிட்டார்கள். குளோரின் குறையவில்லை, அந்த ஒட்டுண்ணிக்குக் குளோரின் ஒரு பொருட்டே இல்லை. அதைப் பிடிக்க வேண்டியது வடிகட்டி. அந்த நாட்களில் வடிகட்டி கடந்து வந்த தண்ணீரில் கலங்கல் ஏறியிருந்தது. ஆனாலும் அன்றைய விதிகளின்படி அந்தத் தண்ணீர் தேறிய தண்ணீர்தான்.

திட்டம் எழுதி வைத்தால் போதுமா என்றால், நியூசிலாந்து பதில் சொல்கிறது. 2016 ஆகஸ்டில் ஹேவ்லாக் நார்த் என்ற ஊரில் கனமழை. மக்கள்தொகை சுமார் 14,000. ஆட்டுப் புழுக்கை கலந்த மழைநீர் ஒரு குட்டைக்குப் போய், குட்டையிலிருந்து நிலத்தடிக்குப் போய், அங்கிருந்து ஊர்க் கிணற்றுக்கு வந்தது. கேம்பைலோபாக்டர் ஊரைப் பிடித்தது. 5,000 பேருக்கு மேல் நோயுற்றார்கள், உயிரிழப்புகளும் நேர்ந்தன. தண்ணீரில் குளோரினே இல்லை. நிலத்தடி நீர் பத்திரமானது என்ற சான்று இருந்ததால் கலக்க வேண்டியதில்லை என்று விட்டிருந்தார்கள். நகராட்சியிடம் நீர்ப் பாதுகாப்புத் திட்டம் இருந்தது, காகிதத்தில். கிணற்று வாய்களின் பராமரிப்பும் அதன் பதிவுகளும் சீராக இல்லை என்று விசாரணைக் குழு கண்டது. இதே பகுதிக் கிணறுகளால் 1998இலும் நோய் பரவியிருந்தது. பதினெட்டு வருடத்தில் ஊர் அதை மறந்துவிட்டது. வாக்கர்டனைப் பற்றி உலகம் முழுக்கப் படித்த பிறகும் அதே மழை, அதே பண்ணை, அதே கிணறு.

நம் பக்கம் வருவோம். இந்தியத் தரம், பயனாளியின் குழாய் முனையில் குறைந்தது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும் என்கிறது. அதை நிறைவேற்றும் கடைசி மனிதர் மேல்நிலைத் தொட்டிக்குக் கீழே நிற்கும் டேங்க் ஆபரேட்டர். அவர் கையில் பிளீச்சிங் பவுடர். மூட்டையைப் பிரித்து வெயிலிலும் ஈரத்திலும் வைத்தால் அதன் வீரியம் நாளுக்கு நாள் இறங்கும். போன மாதம் ஒரு கிலோ போட்டதும் இந்த மாதம் ஒரு கிலோ போட்டதும் ஒன்றல்ல. கிலோக் கணக்கு எழுதுவதில் பயனில்லை. தண்ணீரில் என்ன மிஞ்சியது என்றுதான் எழுத வேண்டும். பரிசோதனைக் குழாயில் மருந்துச் சொட்டு விழுந்ததும் மஞ்சள் நிறம் வருகிறதா என்று பார்ப்பது, வாக்கர்டனில் யாரும் செய்யாமல் விட்ட அதே ஓரிரு நிமிட வேலை.

நமக்கு அவர்களிடம் இல்லாத ஆபத்து ஒன்றும் இருக்கிறது. அங்கே குழாயில் எப்போதும் அழுத்தம் உண்டு. நமக்குப் பல ஊர்களில் இரண்டு நாளைக்கு ஒரு முறை, அதுவும் ஒரு மணி நேரம். மற்ற நேரத்தில் குழாய் காலி. காலிக் குழாயின் விரிசல் சாக்கடைப் பக்கத்தில் இருந்தால் அது வெளியே இருப்பதை உள்ளே வாங்கும். தண்ணீர் வரும் நேரத்திலும் குழாயில் நேரடியாக மோட்டாரைப் பூட்டி உறிஞ்சுகிறவர்கள் அந்த வேலையை இன்னும் சுலபமாக்குகிறார்கள். தனக்கு நாலு குடம் கூடக் கிடைக்கும் என்று பூட்டுகிறவர், தெருவுக்கே சாக்கடையை இழுத்துக் கொடுக்கிறார். தொட்டியில் போட்ட குளோரின் தெருமுனைக்கு வருவதற்குள் தீர்ந்துபோவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே தொட்டியடியில் அளந்தது போதாது. கடைசி வீட்டுக் குழாயிலும் அளக்க வேண்டும்.

மேல்நிலைத் தொட்டிகளின் சுவரில் சுத்தம் செய்த நாளும் அடுத்துச் செய்ய வேண்டிய நாளும் பெயிண்டில் எழுதியிருப்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நல்ல ஏற்பாடு. பக்கத்தில் ஒரு கரும்பலகையும் மாட்டி, அன்றன்றைய எஞ்சிய குளோரின் அளவைச் சாக்பீஸால் எழுதச் சொல்லி உங்கள் ஊராட்சியைக் கேளுங்கள். தொட்டியடியில் ஓர் எண், கடைசித் தெருவில் ஓர் எண். பிளீச்சிங் வாடை அடிக்கிறது என்று ஆபரேட்டரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்; வாடை சுத்தமாக நின்றுபோன நாளில் போய்க் கேளுங்கள். மழை பெய்த மறுநாளும் வெயில் காய்ந்த நாளும் அந்தப் பலகையில் ஒரே எண் இருந்தால், அவரைத் திட்டாமல், உங்கள் கண்முன் ஒரு முறை அளந்து காட்டச் சொல்லுங்கள்.